வாப்பா கழுவிய விமானம்

மகன்,

ஸலாம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன்னுடைய நிக்காஹ் நெருங்கிவிட்டது. எனக்கு விசா கிடைக்கவில்லை என்பதை நீயும் ஏற்றுக்கொண்டாய், நானும் ஏற்றுக்கொண்டேன். அதைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம். போனில் குரல் அனுப்பினால் போதாதா, எதற்கு உம்மா உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். குரல் அனுப்பினால் நீ கேட்டுவிட்டு ஒரு பெருவிரல் படத்தைப் போட்டுவிடுவாய். கடிதம் என்றால் கையில் பிடித்து வாசித்தாக வேண்டும். போன கிழமை ஸஹ்ரா எனக்குப் போன் எடுத்தாள். கல்யாணச் சாரி, மண்டபம், அவளுடைய உம்மாவின் முழங்கால் வலி எல்லாம் கதைத்துவிட்டுக் கடைசியில், "மாமி, அவர் கோவக்காரர் இல்ல. ஆனா ஒண்டும் சொல்றாரில்ல. மனசுல என்ன இரிக்கி எண்டு நான் எப்பிடி அறியிற?" என்று கேட்டாள். முறைப்பாடு மாதிரி இல்லை, உண்மையாகவே அறிய வேண்டும் என்றுதான் கேட்டாள். நான் சிரித்துவிட்டு, "அவன்ட வாப்பாவும் அப்பிடித்தான் புள்ள" என்றேன். போனை வைத்த பிறகு அது ஒரு பதிலே இல்லை என்று பட்டது. அதே கேள்வியோடு ஓர் ஆயுளை ஓட்டியவள் நான். அதில் ஒரு பாதிக்கு எனக்கு இந்த வருஷம்தான் விடை கிடைத்தது. அதை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாம்புரிக் கடற்கரையில் நின்ற அந்த ஜெட் விமானத்தை நீ ஒரேயொரு தடவைதான் பார்த்தாய். லீவில் வந்திருந்தபோது வாப்பா உன்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். நீ ஒரு படம் எடுத்தாய், வெயில் தாங்காமல் வேனுக்குள் வந்து ஏறினாய். வாப்பா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் வந்தார். அவர் விமானப்படையில் என்ஜின் வேலை செய்தவர் என்பது உனக்குத் தெரியும். திருகோணமலையில் இருந்த காலத்தில் அவருடைய கையில் இருந்தவை இந்த ரக விமானங்கள்தான். சண்டைக்குப் போகிறவை இல்லை, பைலட்டாக வரும் பிள்ளைகளுக்கு ஜெட் ஓட்டப் பழக்குகிறவை. சீனாவில் செய்தவை. முன்னால் பழகுகிறவர், பின்னால் பழக்குகிறவர். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மீன் வாயைத் திறந்த மாதிரி வட்டமாக ஒரு துவாரம். அவற்றின் காலம் முடிந்து, ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பழைய இரும்புக்கு விற்றபோது, மாம்புரியில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த நிஸ்தார் ஹாஜியார் ஒன்றை வாங்கி வந்து, சீமெந்துத் தூணில் ஏற்றி, கடும் நீலத்தில் பெயின்ட் அடித்து, வயிற்றில் ஹோட்டலின் பெயரை எழுதி வைத்தார். பட்டம் கட்டிக் கடலில் ஓட வருகிற வெள்ளைக்காரர்கள் நின்று படம் எடுப்பதற்கு.

வாப்பா ஓய்வு எடுத்து வீட்டோடு இருந்த காலம். மாம்புரியில் ஒரு மையித்து வீட்டுக்கு, அடக்கத்துக்குப் போனவர் பஸ்ஸில் இருந்து தென்னைகளுக்கு மேலே அந்த வாலைக் கண்டிருக்கிறார். திரும்பி வருகையில் இறங்கிவிட்டார். பகல் சோற்றுக்கு ஆள் இல்லை. அஸருக்குப் பிறகுதான் வந்தார். நகக்கண் எல்லாம் நீலம். "எங்க போன?" என்று கேட்டேன். "ஒரு பழைய ஆளக் கண்டன்" என்று மட்டும் சொல்லிக் கிணற்றடிக்குப் போனார். அடுத்த நாளும் போனார். வாலில் இருந்த நீலத்தைச் சுரண்டிப் பார்த்து, அடியில் இருந்த இலக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். ஹாஜியார் வந்து பார்த்து, யாரோ கிறுக்கன் சொத்தைச் சுரண்டுகிறான் என்று சத்தம் போட்டாராம். பிறகு விஷயம் விளங்கி, "பார்த்துக்கொள்றதெண்டா பாருங்க மச்சான், ஆனா சம்பளம் எண்டு பெருசாத் தர ஏலாது" என்று சொல்லியிருக்கிறார். "சம்பளம் வேணாம், கழுவ நல்ல தண்ணி தாங்க" என்றாராம் இவர். கடலோரக் கிணறுகளில் உவர் ஏறிவிடும் என்பது உனக்குத் தெரியும்தானே. ஹாஜியார் தோட்டத்துக் கிணற்றில் இருந்து குழாய் இழுத்துக் கொடுத்தார்.

அன்றில் இருந்து வாப்பாவுக்கு அது ஒரு கடமை மாதிரி ஆகிவிட்டது. விமானம் செய்த அந்த வெள்ளைத் தகட்டை உப்புக்காற்று தின்னும் என்றும், தின்ற இடத்தில் மா மாதிரி வெள்ளைப்பொடி பூக்கும் என்றும், அதை விடாமல் கழுவித் துடைக்க வேண்டும் என்றும் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். வீட்டில் இருக்கிற பழைய சாரன் துண்டெல்லாம் அங்கே போயின. சில நாள் நானும் கூடப் போவேன். அவர் கழுவுவார், நான் தென்னை நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்வேன். வாளியைத் தா, துணியைத் தா, அவ்வளவுதான் கதை. ஏன் இந்த இரும்பின் மேல் இவ்வளவு பிரியம் என்று கேட்டால், "சும்மா நிக்கிது பாவம்" என்பார். அதற்கு மேல் போகமாட்டார். நானும் விட்டுவிடுவேன்.

அவர் மவ்த்தான அன்றைய கதை உனக்குத் தெரியும். நீ வந்து சேரும்போது அடக்கியாகிவிட்டது. நீ கபுறடிக்குப் போய் வந்து, குசினிப் படியில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அது எனக்குப் போதுமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நீ திரும்பிப் போன பிறகு நான் நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருந்தேன். வெளியே போக முடியாது, வீட்டில் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு ஆக்கப் பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எப்போதும் கூடிவிடும். காற்று அடிக்கிற நேரம் எல்லாம் மாம்புரியில் அந்த விமானம் கழுவாமல் நிற்குமே என்ற நினைப்பு வரும். வாப்பாவை நினைத்து அழுத நேரத்தைவிட அதை நினைத்துப் புரண்ட நேரம்தான் கூடுதல். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இத்தா முடிந்த கையோடு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் இறக்கை உடம்போடு சேருகிற இடமெல்லாம் வெள்ளைப்பொடி. மூக்குத் துவாரத்துக்குப் போட்டிருந்த மூடி கழன்று விழுந்து, உள்ளே மைனா கூடு கட்டியிருந்தது. வயிற்றில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் எல்லாம் அடைத்துப் போய், உள்ளே மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வாப்பா அந்தத் துளைகளை ஈர்க்கால் குத்திக் குத்தித் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஓர் ஈர்க்கை முறித்துக்கொண்டு கீழே குந்தினேன். முதலாவது துளை திறந்தவுடன் அழுக்குத் தண்ணீர் என் முகத்தில் கொட்டியது. தூரத்தில் நின்ற ஹாஜியார் ஓடி வந்து, "ராத்தா, உங்களுக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டார். "வீட்டுல இருந்து என்ன செய்ய?" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. மைனாக்குஞ்சு பறக்கும் வரைக்கும் மூக்கை மட்டும் விட்டுவைத்தேன்.

உனக்குப் போனில் "தோட்டத்துக்குப் போய் வாறன்" என்று சொன்னது இதைத்தான் மகன். காலையில் பஸ்ஸில் போவேன், லுஹருக்கு முன்னம் திரும்பிவிடுவேன். அங்கே என்னோடு கதைக்க யாரும் இல்லை. காற்றாலைகள் சுற்றுகிற சத்தம், கடல் சத்தம், சில நேரம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தூரத்தில் இருந்து கை காட்டும். ஆனால் துணியைப் பிழிந்து அந்தத் தகட்டில் வைத்து இழுக்கும்போது, இதே இடத்தில் இதே மாதிரி அவருடைய கையும் போயிருக்கும் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் வந்த நாட்களில் வீட்டுக்குள் நுழைய அவ்வளவு பயமாக இருக்காது.

இந்த வருஷம் ஒரு நாள் ஹாஜியார் கையில் போனோடு வந்தார். ஹோட்டலில் தங்கின யாரோ விமானத்தைப் படம் பிடித்துப் போட, அதை ஓய்வுபெற்ற பைலட்மார் கண்டிருக்கிறார்கள். அந்த ரகம் நாட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆனதைக் கொண்டாட அவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன, மிஞ்சியவை பற்றைக்குள் கிடக்கின்றன, இது மட்டும் இவ்வளவு சுத்தமாக நிற்கிறதே, இங்கேயே செய்யலாமா என்று கேட்டார்களாம். ஹாஜியாருக்குத் தலைகால் புரியவில்லை. கொடி கட்டினார், கூடாரம் போட்டார், வட்டிலப்பத்துக்குச் சொன்னார். நான் முதல் நாள் முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டு, விழா அன்று குசினிப் பக்கம் ஒதுங்கி நிற்கலாம் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் வயதாளிகள். தலையில் ஒரே மாதிரித் தொப்பி. மனைவிமாரும் வந்திருந்தார்கள். வேனில் இருந்து இறங்கியவுடன் சத்தம் போட்டுக் கதைத்து வந்தவர்கள், கிட்ட வர வர அமைதியாகிவிட்டார்கள். ஒருவர் ஏணியில் ஏற முயன்று மனைவியிடம் ஏச்சு வாங்கினார். பொல்லு ஊன்றிய உயரமான ஒருவர் மட்டும் யாரோடும் கதைக்காமல் விமானத்தைச் சுற்றி நடந்தார். வாலடியில் நின்று அந்த இலக்கத்தை வாசித்தார். பிறகு வயிற்றில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்து, "இதை யார் பார்த்துக்கொள்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார். ஹாஜியார் என்னைக் காட்டினார். முன்னம் என் கணவர் பார்த்தார், இப்போது நான் என்று சொன்னேன். கணவருடைய பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் பொல்லை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "ஜவ்பர்கே நோனாத?" என்றார். ஜவ்பருடைய மனைவியா என்று. ஓம் என்றேன். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பெயர் ரத்னசேகர. வாப்பா அங்கே இருந்த காலத்தில் பைலட் பிள்ளைகளைப் பழக்கியவர்.

"அப்போ அவன் உங்களிடம் சொல்லியிருப்பான்" என்றார்.

"எதை சேர்?"

"இந்த விமானத்தில் உங்கள் வீட்டுக்கு வந்ததை."

எனக்கு விளங்கவில்லை. சிங்களம் எனக்குப் பிழைத்துப் போய்விட்டதோ என்று நினைத்தேன். அவர் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். என்ஜின் மாற்றிப் பூட்டிய பிறகு விமானத்தை ஒருமுறை பறக்கவிட்டுச் சோதித்துப் பார்ப்பார்களாம். இந்த விமானத்துக்கு அப்படி என்ஜின் பூட்டியது வாப்பா. "நீ பூட்டினதில் நீயே ஏறிப் பார்" என்று பகிடிக்குச் சொல்லி, ரத்னசேகர சேர்தான் அவரைப் பின் இருக்கையில் ஏற்றியிருக்கிறார். மேலே போய், சோதிக்க வேண்டியதெல்லாம் சோதித்து முடிந்த பிறகு, சும்மா கதைக்கு "உன் பிள்ளையைப் பார்த்தாயா ஜவ்பர்?" என்று கேட்டாராம். "இன்னும் இல்ல சேர், லீவு கிடைக்கல்ல" என்றாராம் வாப்பா. அவ்வளவுதான் சொன்னார், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்று அந்த மனிசர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அவராகத்தான் மூக்கை மேற்கே திருப்பியிருக்கிறார்.

"அந்தப் பக்கம் போக எனக்கு உத்தரவு இல்லை" என்றார். "ஆனால் ஜெட்டுக்கு அது ஒரு தூரமா? கொஞ்ச நேரத்தில் உங்கள் கற்பிட்டி வந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் ஒல்லியாக ஒரு துண்டு நிலம். வெங்காயப் பாத்திகள் தெரிந்தன. நன்றாகப் பதித்து, தென்னைகளுக்குச் சற்று மேலே பறந்தேன். திடீரென்று என் காதுக்குள், 'சேர், அந்தக் கொடி, அந்தக் கொடி' என்று கத்தினான். கீழே ஒரு வளவில் கொடி நிறையச் சின்னச் சின்ன வெள்ளைத் துணி. 'என்ட மகன்ட சேர், அது என்ட மகன்ட' என்றான். இறங்கியவுடன் நான், வெளியே தெரிந்தால் என் தொப்பி போய்விடும், வாயைத் திறக்காதே ஜவ்பர் என்றேன். வீட்டில் கூடவா சொல்லாமல் விட்டான்?"

மகன், அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். நீ பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்னைத் தூங்கவைத்துவிட்டு, கொடியில் துணி போட்டுவிட்டு, வாசலில் நின்றேன். அப்போது நமது பக்கத்து வளவில், மன்னாரில் இருந்து சண்டைக்குள் எல்லாவற்றையும் விட்டு வந்த ஸித்தி பிள்ளைகளோடு கிடுகுக் குடிசையில் இருந்தாள். வானம் கிழிந்த மாதிரி ஒரு சத்தம். தென்னை ஓலையெல்லாம் ஆடியது. நீ வீரிட்டுக் கத்தினாய். நான் உன்னைத் தூக்கப் பாய்ந்தேன். வெளியே வந்து பார்த்தால் ஸித்தியையும் பிள்ளைகளையும் காணவில்லை. குண்டு போட வந்த விமானம் என்று நினைத்து, கட்டிலுக்குக் கீழே பிள்ளைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி, அவர்கள் மேல் தான் கவிழ்ந்து படுத்திருந்தாள். "ஸித்தி, போயிட்டு, ஒண்டுமில்ல, வெளிய வா" என்று எவ்வளவோ கூப்பிட்டேன். அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் அவள் வெளியே வரவில்லை. வந்தபோது நெற்றியில் வீக்கம். கட்டில் காலில் அடிபட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் வாப்பாவுக்கு லீவு கிடைத்தது. வந்து உன்னை முதன்முதலாகத் தூக்கி, மணந்து பார்த்துவிட்டு, கிணற்றடியில் முகம் கழுவும்போது, "நான் இல்லாத நேரம் இந்தப் பக்கமா ப்ளேன் ஏதும் வந்திச்சா?" என்று கேட்டார். அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது இப்போதுதான் எனக்குச் சிரிப்பாகத் தெரிகிறது. நான், "வந்திச்சு, அதக் கேக்காதீங்க" என்று தொடங்கி, நீ கத்தியது, ஸித்தி கட்டிலுக்குக் கீழே கிடந்தது, நெற்றி வீங்கியது எல்லாம் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "சின்னப் புள்ளைகளும் பயந்திச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்த லீவு முழுவதும் அவர் ஸித்தியின் வளவில்தான் நின்றார். கிடுகைக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டுக் கொடுத்தார், வேலி அடைத்தார். நான் ஊருக்கு முன்னால் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன், எங்கட ஆளுக்கு நல்ல மனசு என்று. ஏன் செய்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கூடாரத்துக்குள் அவர்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ரத்னசேகர சேரிடம் இதைச் சொன்னேன். "நாங்கள் சந்தோஷமாகத்தான் வந்தோம்" என்றார். "அதுவும் உண்மை சேர்" என்றேன். ஸித்தி படுத்திருந்ததும் உண்மை, அவர்கள் சந்தோஷமாக வந்ததும் உண்மை. வாப்பா அந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்கு வழி தெரியாமல், ஒன்றையும் சொல்லாமல் இருந்துவிட்டார். அவர் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நான் முதலில் ஏசியிருப்பேன். பிறகு எந்தக் கொடி, எந்தத் துணி, நான் தெரிந்தேனா என்று விடிய விடியக் கேட்டிருப்பேன். அந்தக் கதை எங்கள் இருவருக்கும் இவ்வளவு காலமும் இருந்திருக்கும். ஸஹ்ராவிடம் நல்லதை மட்டும் தெரிந்தெடுத்துச் சொல்லப் பார்க்காதே மகன். உனக்கே விளங்காமல் இருக்கிறதையும் சொல். அவள் உன்னோடு சேர்ந்து விளங்கிக்கொள்வாள். அதற்குத்தானே ஒரு ஆள் பக்கத்தில் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கே இன்னொரு கதையும் வந்தது. வந்தவர்களில் ஒருவர் கொழும்புப் பக்கத்து நூதனசாலையில் பழைய விமானங்களைப் பழுது பார்க்கிறவர். இறக்கை சேருகிற மூட்டில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது வெளியே நல்லாக இருக்கிறது, உள்ளே உப்பு புகுந்துவிட்டது, இன்னும் கொஞ்சக் காலம் இந்தக் காற்றில் நின்றால் இறக்கை தன்பாட்டில் இறங்கிவிடும் என்றார். கூரைக்குக் கீழே கொண்டு போனால் காப்பாற்றலாம். ஹாஜியாருக்கு மனசில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்து இங்கேயே வைப்போம் என்றார். பேச்சு இழுபட்டு, கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி, "ராத்தா, கைபார்த்தது நீங்க. நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போகட்டும் என்றால் காலையில் எழும்பி எனக்குப் போக ஓர் இடம் இல்லை. இருக்கட்டும் என்றால் அது என் கண்ணுக்கு முன்னாலேயே உதிரும். துடைக்கத் துடைக்க அந்த வெள்ளைப்பொடி கூடி வந்ததை நான்தானே பார்த்தேன். "கொண்டு போங்க" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது, அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

பெருநாள் கழிந்து வந்தார்கள். இறக்கைகளைத் தனியாகக் கழற்றிச் சாக்குப் போட்டுச் சுற்றினார்கள். கிரேன் உடம்பைத் தூக்கியபோது அடியில் இருந்து கொஞ்சம் மண்ணும் ஒரு பழைய கூடும் விழுந்தன. நீளமான லொறி, மணல் பாதையில் ஊர்ந்துதான் போனது. ஒருவன் தடியால் மின்சாரக் கம்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். நான் ஹோட்டல் படலையடியில் நின்றேன். வீட்டுக்கு வந்து நேரத்தோடு படுத்தேன். ஹாஜியார் நல்ல மனிசர், "நாளைக்கும் வாங்க ராத்தா, தோட்டத்துல வேல இரிக்கி" என்று சொல்லித்தான் அனுப்பினார். நான் போகவில்லை. காலையில் பஸ் நமது ஒழுங்கை வாசலில் வேகத்தைக் குறைக்கும். கண்டக்டர், "உம்மா இண்டைக்கும் இல்லயா?" என்று கேட்பான். இல்லை என்று கையைக் காட்டுவேன். சில நாள் அந்தப் பொடியன் கேட்டதுதான் அன்றைக்கு என்னோடு ஒருவர் கதைத்த முதல் கதையும் கடைசிக் கதையும்.

ஸித்திக்குப் போன் எடுத்தேன். அவள் மன்னாருக்குத் திரும்பிப் போய் மகளோடு இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அந்தத் தகரம் அதுக்கா?" என்றாள். ஓம் என்றேன். "ஜவ்பர் நானா ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு, "மேல இருந்து பார்க்கக்குள்ள எங்கட குடில் தெரிஞ்சிச்சாமா?" என்று கேட்டாள். அதை நான் அந்த சேரிடம் கேட்கவில்லை. தெரிந்திருக்கும் என்றேன். உன்னுடைய துணி தெரிந்தது என்றால், பக்கத்தில் இருந்த குடில் தெரியாமல் போகுமா?

போன மாதம் நான் கொழும்புக்குப் போனது டொக்டரிடம் இல்லை. நூதனசாலைக்குப் போனேன். திறந்து வைத்த அன்று ரத்னசேகர சேர் கூப்பிட்டார். சனம் நிறைந்திருக்கும் என்று விட்டுவிட்டு, ஒரு சாதாரண நாளில் தனியாகப் போனேன். பெரிய மண்டபம். தரை பளபளவென்று இருந்தது. காற்றே இல்லை. அது ஒரு மூலையில் இறக்கையெல்லாம் பூட்டி, புதுப் பெயின்ட்டோடு, அதே இலக்கத்தோடு நின்றது. சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பலகையில் மூன்று மொழியிலும் அதன் வேகம், நீளம் எல்லாம் எழுதியிருந்தது. நான் கயிற்றைத் தாண்டிக் குனிந்து, வயிற்றுத் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கக் கையை நீட்டினேன். வாசலில் இருந்த இளம் சிப்பாய் எழும்பி வந்து, "அம்மே, அத தியன்ன எப்பா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கை வைக்கக் கூடாதாம். நான் கையை எடுத்து, "ஹரி புத்தே", சரி மகனே என்றேன்.

சொல்ல நிறைய இருந்தது. இதை நான் கழுவியிருக்கிறேன் மகன், என் கணவர் இதில் ஏறி எங்கள் வீட்டுக்கு மேலே வந்தார் என்று நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அவனும் நான் ஏதோ சொல்வேன் என்று நின்றான். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து பஸ் எடுத்தேன். மாதம்பை தாண்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வாப்பாவையும் உன்னையும் வாய் திறக்காதவர்கள் என்று சொல்லித் திரிகிற நானும் அதேதான் செய்துவிட்டு வருகிறேன். அந்தப் பிள்ளை மேல் பிழை இல்லை. சொன்னால்தானே அவனுக்குத் தெரியும். துளைகள் திறந்துதான் இருந்தன, நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்கு இனி என்னுடைய கை தேவையில்லை. அது எனக்கு நிம்மதிதான், ஆனால் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதுதான் உட்கார்ந்து எழுதினேன். இதை வாசித்து முடித்தவுடன் மடித்துப் பைக்குள் வைத்துவிடாதே. ஸஹ்ராவிடம் கொண்டு போ. அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத்துக் கூட்ட வராது என்று அவளே என்னிடம் சொன்னாள். அதனால் பக்கத்தில் இருத்தி, நீயே உன் வாயால் வாசித்துக் காட்டு. முதலில் இருந்து, சத்தமாக.

உம்மா